புதுக்கோட்டை கடலில் நீர்மூழ்கிக் கப்பல் வருமா? மூச்சு வாங்க மேலே வரும் 'கல்வாரி'

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் போனா விசைப்படகுகள் வரிசையா நிக்கும். அந்தக் கடலுக்கு அடியில நீர்மூழ்கிக் கப்பல் போக முடியுமா? வாய்ப்பே இல்லை. பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. ஐஎன்எஸ் கல்வாரியின் உயரமே 12.3 மீட்டர். மூழ்கினா அடி தட்டும், இல்லைன்னா தலை தெரியும்!

கல்வாரின்னா புலிச்சுறா. பிரான்ஸின் ஸ்கார்பீன் வடிவமைப்பில், மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. இந்த வகையில் ஆறு கப்பல்களுக்கு 2005-ல் ஒப்பந்தம் போட்டாங்க. முதல் கப்பல் 2012-லேயே வந்திருக்க வேண்டியது, கடற்படையில் சேர்ந்தது 2017 டிசம்பர் 14-ல். ஆறாவதான வாக்‌ஷீர் வந்தது 2025 ஜனவரி 15-ல்.

ஏன் இவ்வளவு நாள்? 67.5 மீட்டர் நீளக் கப்பலுக்குள் சுமார் 60 கி.மீ. கேபிள், 11 கி.மீ. குழாய். தனித்தனி பகுதிகளா செஞ்சு, பிறகு வெல்டிங் செய்து இணைக்கணும். கடலுக்கடியில் நீரின் அழுத்தத்தைத் தாங்கணும் என்பதால் வெல்டிங்கில் சின்னக் குறைகூட இருக்கக் கூடாது.

இதோட உயிர் பேட்டரிதான். ஒவ்வொன்றும் 750 கிலோ எடையில் 360 செல்கள். அதில் ஓடும்போது சத்தமே வராது, எதிரி சோனாரில் சிக்குவது கஷ்டம். ஆனா சார்ஜ் குறைஞ்சா டீசல் இன்ஜினை ஓட்டணும், அதுக்குக் காற்று வேணும். நீர்மட்டத்துக்குக் கிட்ட வந்து குழாயை வெளியே நீட்டணும். மாட்டிக்கிற நேரமே அதுதான்.

ஜப்பான் இதை முன்னாடியே யோசிச்சிடுச்சு. அங்கே முதலில் வெளிக்காற்று இல்லாமல் இயங்கும் ஸ்டிர்லிங் இன்ஜின்களைப் பொருத்தினாங்க. 2020-ல் சேர்ந்த 'ஓரியூ'வில் அதையும் எடுத்துட்டு லித்தியம் அயன் பேட்டரி வச்சாங்க.

நம்ம ஆறு கப்பல்களுமே வெளிக்காற்று தேவைப்படாத 'ஏஐபி' அமைப்பு இல்லாமல்தான் கடலுக்குப் போனது. டிஆர்டிஓ உருவாக்கிய ஏஐபி-யைப் பொருத்த, 2024 டிசம்பர் 30-ல் மசகானுடன் சுமார் 1,990 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. வேலை சுலபமில்லை. கப்பலை குறுக்கே வெட்டி, நடுவில் புதுப் பகுதியை வச்சு, மறுபடி வெல்டிங் பண்ணணும்.