நினைவுள்ள நாணயம்

கையில் புழங்கும் காசுக்கு நினைவு கிடையாது. அது நேற்று யாரிடம் இருந்தது, எதற்காகக் கைமாறியது என்பதை அது சொல்வதில்லை. தான் கடந்துவந்த வழியையெல்லாம் மறவாத காசு ஒன்று இருந்தால் மனிதர் அதனால் நேர்மையாளர் ஆகிவிடுவரா? இவ்வினாவுக்கு ஒரு கற்பனை உலகின் வரலாறு விடை தருகிறது.

ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் 'ஈவ் ஆன்லைன்' என்னும் இணைய விளையாட்டை வெளியிட்டது. மனிதகுலம் விண்மீன்களிடையே பரவிவிட்ட மிகத் தொலைவான எதிர்காலமே அதன் களம். அங்கே செலாவணியின் பெயர் இஸ்க். ஐஸ்லாந்து குரோனாவின் பன்னாட்டுக் குறியீடும் அதே மூன்றெழுத்துதான்.

கொள்ளையர் கலங்களை அழிப்போர்க்கு ஆட்டம் வெகுமதி அளிக்கும்போது புதுப் பணம் பிறக்கிறது. சந்தை வரியாகவும் கட்டணமாகவும் செலுத்தப்படும்போது அது மறைகிறது. இடைப்பட்ட கைமாற்றங்கள் யாவும் நிறுவனத்தின் கணிப்பொறியில் பதிவாகின்றன. எந்த மைய வங்கிக்கும் வாய்க்காத தெளிவு இது. 2007இல் இப்பொருளாதாரத்தை ஆராய்வதற்கென்றே எயோல்ஃபுர் குவுட்முண்ட்சன் என்ற பொருளியலறிஞரை நிறுவனம் பணியில் அமர்த்தியது.

இத்தனை தெளிவிருந்தும் 2009இன் நடுவில் ஒரு களவு நடந்தது. ஆட்டக்காரர்கள் தாமே நடத்திவந்த 'ஈபேங்க்' என்னும் வங்கியின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆஸ்திரேலியர் ஒருவர், ஏறத்தாழ 20,000 கோடி இஸ்க்கை எடுத்து, ஆட்டத்துக்கு வெளியே சுமார் 6,300 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றுவிட்டார். வீட்டுக்கான முன்பணமும் மகனின் மருத்துவச் செலவும் அவர் சொன்ன காரணங்கள். செய்தி பரவியதும் வைப்பாளர்கள் தம் பணத்தை மீட்க முண்டியடித்தனர். அதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபரில்தான் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் சரிந்திருந்தன என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

நிறுவனம் அவரை ஆட்டத்திலிருந்து நீக்கியது. ஆனால் திருடியதற்காக அன்று. இஸ்க்கை மெய்ப்பணத்துக்கு விற்றதற்காக. பிற ஆட்டக்காரரை ஏமாற்றுதல் அவ்வுலகின் விதிகளுக்கு உட்பட்டதே! ஆக, பதிவேடு எதையும் மறக்கவில்லை. எது குற்றம் என்பதைப் பதிவேடு தீர்மானிப்பதில்லை, அதை வைத்திருப்பவரே தீர்மானிக்கிறார்.

இவ்வபாயத்தை முன்னுணர்ந்தவர் டேவிட் சாம். செலுத்துபவரின் அடையாளத்தை வங்கியும் அறியவியலாத மின்பணத்துக்கான வழியை 1982இலேயே அவர் முன்வைத்தார். அதற்கென அவர் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் நொடித்தது. இன்று பல நாட்டு மைய வங்கிகள் மின்செலாவணி வெளியிட முனைந்திருக்கையில் அவருடைய அச்சம் பழையதாகிவிடவில்லை.

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முதலாவதைக் கணிப்பொறி இம்மி பிசகாமல் எண்ணிவிடுகிறது. இரண்டாவதை ஈபேங்க் வைப்பாளர்கள் எந்தப் பதிவேட்டிலும் கண்டிருக்க முடியாது.