எருவும் பொலியும்

வேளாண்மை வரலாற்றைக் கூறும் ஆவணங்கள் பெரும்பாலும் விளைந்த தானியத்தின் அளவையே பேசுகின்றன. சோழர்தம் தலைநகராய் விளங்கிய கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகள் நெல்லைக் கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி என நுட்பமாகக் கணக்கிடுகின்றன. 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். அளக்கும் மரக்காலுக்குக்கூட இராசகேசரி என்னும் பெயர் இருந்தது. ஆயின், எருக்கூடை சுமந்தவரின் உழைப்பு கல்லில் இடம்பெறுதல் அரிது.

அவ்வுழைப்பு சிறிதன்று. கோடையில் ஏரி வண்டலை வண்டியேற்றி வயலில் கொட்டுவர். அறுவடையான நிலத்தில் ஆட்டுக்கிடை அமர்த்துவர். மழைக்கு முன் தொழுவெருவைச் சிதறி உழுவர். நடவுக்கு முன் கொழிஞ்சி, ஆவாரைத் தழைகளைச் சேற்றில் மிதிப்பர். பின்னர்க் கதிரடித்துத் தூற்றிப் பொலி அளக்கும்போது களத்திலேயே கூலி நெல் வழங்கப்படும்.

எருவின் அருமையை ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் அறிஞர்கள் ஏட்டில் ஏற்றினர். 11ஆம் நூற்றாண்டில் துலைத்துலாவின் இப்னு பஸ்ஸாலும், 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாமும் எருவகைகளைத் தரம் பிரித்து விளக்கினர். பின்னவரின் ‘கிதாபுல் ஃபிலாஹா’ புறாவின் எச்சத்தைச் சிறந்த எருவாகப் போற்றுகிறது.

ஃபிக்ஹுக் கலையோ உழைப்பை வரிக் கணக்கிலேயே சேர்த்தது. மழையாலும் ஆற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று; இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று. இது நபி (ஸல்) அவர்கள் வகுத்த உஷ்ர். அரியலூரின் மானாவாரிக் கரிசலுக்கும், கவலை இறைத்த கிணற்றுத் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தோர்க்கு இவ்விதியின் நீதி எளிதில் விளங்கும்.

நீருக்குச் சலுகை உண்டெனில், எருச் செலவுக்கு? இவ்வினா புதியதன்று. பயிருக்காகவும் குடும்பத்துக்காகவும் பட்ட கடன் இரண்டையும் கழிக்கலாம் என இப்னு உமர் (ரழி) கருதினார்கள். பயிருக்கான கடனை மட்டுமே கழிக்கலாம் என்பது இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் கருத்து. ஹிஜ்ரி 203இல் மறைந்த யஹ்யா இப்னு ஆதம் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இதனைப் பதிந்துள்ளார். ஹனஃபி, ஷாஃபியீ மத்ஹபுகள் செலவைக் கழிப்பதை ஏற்கவில்லை. செலவைக் கருதியே விகிதம் பாதியாக்கப்பட்டிருக்க, அதனை மீண்டும் கழிப்பதற்கு இடமில்லை என்பது ஹனஃபி அறிஞர்களின் வாதம்.

எனினும், ஆட்டுக்கிடையின் இடத்தை யூரியா மூட்டை பிடித்துவிட்ட இக்காலத்தில் அப்பழைய வினா புதுக் கனம் பெறுகிறது. விதைப்பின்போது கடனாக வாங்கிய உரத்தின் விலை, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக நெல் எடைபோடப்படும்போது உழவரின் முன் வந்து நிற்கிறது. எந்த முடிவை ஏற்பினும், பொலியைக் காணும் கண் அதன் பின்னுள்ள கடனையும் கூலியாளின் வியர்வையையும் காண வேண்டும். நம் முன்னோர் தொடங்கிவைத்த விவாதம் கற்பிக்கும் பாடம் அதுவே.