பனியனுக்குள் ஒரு பாம்பு

உங்கள் வீட்டில் ஏற்றுமதி ரக டி-ஷர்ட் ஏதாவது இருக்கிறதா? அதில் தொங்கிய விலை அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், எடுத்து டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலவற்றின் உள்ளே ஒரு பாம்பு தெரியும். மெல்லிய அலுமினியத்தில் வளைந்து வளைந்து போகிற ஒரு கோடு. நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி.

புள்ளி, சிப். பாம்பு, ஆன்டெனா.

நான் இதை முதலில் பார்த்தது குண்டடத்தில். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் இருக்கிறதே, அதே ஊர்தான். அங்கே ஒரு சின்ன யூனிட். தைத்து வருகிற பனியனைச் செக்கிங் செய்து, அயர்ன் போட்டு, அட்டை மாட்டி, பெட்டி கட்டித் தருகிற ஜாப் ஒர்க். நான் போன நாளில் முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் திரும்பி வந்த அட்டைப் பெட்டிகள்.

"துணியில ஒரு சொட்டுக் கறை இல்லீங்க. தையல்ல பிசிறு இல்ல. எண்ணிக்கை குறையுதுன்னு திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. நான் கையில எண்ணுனா சரியா இருக்குது. மிஷின் எண்ணுனா குறையுதுங்க."

நான் படித்தது பி.காம். கணக்கு உதைத்தால் எங்கே உதைக்கிறது என்று தேடாமல் தூக்கம் வராது. தேடினேன். தேடல் 1887-க்குக் கொண்டுபோய் விட்டது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரம். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்ற பேராசிரியர் ஒரு மூலையில் மின்பொறியை உண்டாக்கினார். அறையின் இன்னொரு மூலையில் வைத்திருந்த கம்பி வளையத்தின் இடைவெளியிலும் குட்டியாக ஒரு பொறி பறந்தது. நடுவில் வயர் கிடையாது. உலகின் முதல் ரேடியோ ஆன்டெனாக்கள் அவைதான். அந்த வளையத்தின் அளவு மாறினால் பொறி மங்கிவிடும். ஆன்டெனாவின் அடிப்படைப் பாடமே இதுதான்: எந்த அலையைப் பிடிக்க வேண்டுமோ, அதற்கேற்ற அளவு வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள நமக்கு ஜெர்மனி தேவையில்லை. கொடைக்கானல் டவரைப் பிடிக்க மொட்டை மாடியில் அலுமினியக் கம்பியைத் திருப்பியபடி, "இப்பத் தெரியுதா?" என்று கத்திய தலைமுறை நாம். அந்தக் கம்பிகளின் நீளம் யாரோ குத்துமதிப்பாக வெட்டியது அல்ல. அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதி.

பெரிய அலைக்குப் பெரிய ஆன்டெனா. 1901-ல் அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த சிக்னலைப் பிடிக்க, மார்க்கோனி 500 அடிக் கம்பியைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டார். சில ஆண்டுகள் முன்பே கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் நேர் எதிர்த் திசையில் போயிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது மில்லிமீட்டர் கணக்கிலான குட்டி அலைகள். அதனால் கருவிகளும் மேஜை மேல் அடங்கின. அவர் செய்த கொம்பு வடிவ ஆன்டெனாவின் வாரிசுகள் இன்றும் ரேடாரிலும் செயற்கைக்கோள் தொடர்பிலும் வேலை செய்கின்றன. அலை சிறுத்தால் ஆன்டெனாவும் சிறுக்கும். நம் செல்போன் பிழைப்பதே இந்த விதியால்தான்.

சரி, பேட்டரியே இல்லாத விலை அட்டை எப்படிப் பேசுகிறது? அதற்கு ஓர் ஒற்றன் கதை உண்டு.

1945 ஆகஸ்ட் 4. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு ரஷ்யப் பள்ளிக் குழந்தைகள் ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை. அழகாக இருக்கிறதே என்று தூதரின் இல்லத்தில் மாட்டினார்கள். ஏழு வருடம் கழித்து, 1952-ல்தான் தெரிந்தது, அது ஒட்டுக் கேட்கிறது என்று! உள்ளே பேட்டரி இல்லை, வயர் இல்லை. ஒரு சவ்வும், ஒரு ஜாண் நீள ஆன்டெனாவும் மட்டுமே. வெளியிலிருந்து ரஷ்யர்கள் ரேடியோ அலையை அதன்மேல் பாய்ச்சுவார்கள். அறையில் யார் பேசினாலும் சவ்வு அதிரும். திரும்பி வரும் அலையில் அந்தப் பேச்சு ஏறியிருக்கும். செய்தவர் லெவ் தெர்மன். சிறையில் இருந்துகொண்டு செய்தார்.

உங்கள் விலை அட்டை இந்த ஒற்றனின் பேரன். கடையிலோ கிடங்கிலோ ஒரு கருவி அலையை அனுப்புகிறது. பாம்பு அதை வாங்கி சிப்புக்கு ஊட்டுகிறது. ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு கிடைத்தால் போதும். சிப் விழித்துக்கொண்டு தன் நம்பரைச் சொல்லிவிடும். 2003-ல் வால்மார்ட் தன் பெரிய சப்ளையர்களிடம், பெட்டிகளில் இந்தச் சீட்டை ஒட்டுங்கள் என்றது. 2010-ல் ஜீன்ஸ் பேன்ட்டுக்கே வந்துவிட்டது.

ஆனால் ஏன் பாம்பு மாதிரி வளைக்க வேண்டும்? கணக்குப் போடுவோம். இந்தியாவில் இந்தச் சீட்டுகளுக்கான அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். பாதி, 17. அட்டையோ 17 சென்டிமீட்டருக்கு இடம் தராது. எனவே கோட்டை மடக்கி மடக்கி அடக்குகிறார்கள். இரு முனைகளையும் அகலமாக்கினால் இன்னும் குறுக்கலாம். நடுவில் ஒரு சின்ன வளையம் இருக்கும். சிப்பும் ஆன்டெனாவும் ஒத்துப்போக அது வேண்டும். அதோடு முடியவில்லை. அமெரிக்காவில் அலைவரிசை 902-லிருந்து 928. குண்டடத்தில் மாட்டிய அட்டை அங்கேயும் பேச வேண்டுமே! இரண்டுக்கும் பொதுவாக வடிவத்தை இழைக்க வேண்டும்.

வைஃபை கருவிகள் பலவற்றின் சர்க்யூட் போர்டு ஓரத்திலும் இதே பாம்பு, தாமிரத்தில் சுருண்டிருக்கும். அதைச் சுற்றி மட்டும் வேறு தாமிரமே இருக்காது. பக்கத்தில் உலோகம் வந்தால் ஆன்டெனாவின் சுருதி கலைந்துவிடும்.

உலோகம்! குண்டடத்துக் கணக்கு உதைத்த இடம் இதுதான்.

அந்தப் பனியனின் நெஞ்சில் பளபளவென்று ஃபாயில் பிரிண்ட். ஆர்டர் தாளில் அட்டையை எங்கே மாட்டுவது, எப்படித் தொங்கவிடுவது என்று படத்தோடு இருந்தது. மாட்டியதும் சரியான இடத்தில்தான். ஆனால் மடிக்கும் பெண்கள், அட்டை வெளியே துருத்தாமல் நறுவிசாக இருக்கட்டுமே என்று அதை உள்பக்கம் செருகி மடித்திருக்கிறார்கள். பாம்பு போய் ஃபாயில் மேல் படுத்துக்கொண்டது. பல அட்டைகள் வாயே திறக்கவில்லை.

அத்தனை பெட்டியையும் பிரித்து, மறுபடி மடித்து அனுப்பினார். வண்டி வாடகையும் கூலியும் அவர் கைக்காசு. வேடிக்கை என்ன தெரியுமா? ஃபாயில் ஒட்டுவதற்கு முன் பசையை அச்சடிப்பது ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில். இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குள் வைக்கிற ரேடியோ சர்க்யூட்டுகளை, வெள்ளி மை கொண்டு பீங்கான் மேல் அமெரிக்கர்கள் அச்சடித்ததும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். நம் ஆட்களுக்குப் புரியாத தொழில்நுட்பம் இல்லை இது. சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொன்னதும் முதலாளி அட்டையை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எங்க மாட்டணும்னு சென்டிமீட்டர் கணக்குல எழுதித் தந்தாங்க. எதுக்குன்னு ஒரு வரி எழுதியிருந்தா, எங்க பிள்ளைங்க உள்ள செருகியிருக்காதுங்களே!"