அகத்தி இலையும் ஓட்டமாவடி மண்ணும்

குருமண்வெளித் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்தால் மண்டூர். என்னோடு படிப்பித்து ஓய்வுபெற்ற நண்பரொருவர் அங்கே இருக்கிறார். வயதில் மூத்தவர்; அண்ணன் என்றே அழைப்பேன். 2021 ஜனவரியில் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, கிணற்றடியைப் பார்த்தபடி கேட்டார்:

"தம்பி, உங்கட ஆக்கள்ற மையத்தத் தாட்டா, அந்தக் கிருமி கிணத்துத் தண்ணிக்கு இறங்கும் எண்டு சொல்றாங்களே, மெய்தானா?"

கேள்வியில் பகை இல்லை. வாவிக்கரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஆனால் அந்த அச்சத்தைக் காரணம் காட்டித்தான், கொரோனாவில் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டுமென்ற 2020 ஏப்ரல் 11ஆந் திகதி வர்த்தமானி நியாயப்படுத்தப்பட்டது. அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதன் பின்னர் தேடி வாசித்ததன் சுருக்கமே இது.

வைரசு என்பது புரதக் கூட்டுக்குள் பொதிந்த ஒரு நூல். அந்த நூல் பல வைரசுகளில் ஆர்.என்.ஏ. ஆகும். கொரோனாவும் அவ்வகையே. புகையிலையில் சித்திரவடிவு நோயை உண்டாக்கும் வைரசில் இந்த நூல் எங்கே கிடக்கிறதென்று 1956இல் எக்ஸ் கதிர் கொண்டு காட்டியவர் றோசலின்ட் பிராங்கிளின். நடுவிலுள்ள வெற்றுக் குழலுக்குள் அல்ல, சுற்றியுள்ள புரதங்களுக்கு இடையே பதிந்து கிடந்தது.

இந்த வரலாற்றில் நமது அயலுக்கும் பங்குண்டு. திருப்பதி வட்டாரத்து அகத்தி மரங்களில், இலைகளைத் திட்டுத் திட்டாக வெளிறச் செய்யும் ஒரு வைரசு 1980களின் தொடக்கத்தில் இனங்காணப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம்.ஆர்.என். மூர்த்தி, எச்.எஸ். சாவித்திரி ஆகியோரின் குழுவினர் அதனைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி, 1995இல் ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ரம் நுட்பத்தில் அதன் அமைப்பை வெளியிட்டனர். ஒரு மில்லிமீற்றரைக் கோடி கூறாக்கினால் அதில் ஏறத்தாழ மூன்று கூறு!

180 புரதங்கள் சேர்ந்த கூடு துல்லியமாகத் தெரிந்தது. உள்ளேயிருந்த, 4,000 எழுத்துகளுக்குச் சற்று மேற்பட்ட ஆர்.என்.ஏ. தெளிவாகத் தெரியவில்லை. பளிங்கு முறையில் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வருவதுதான் துலங்கும். நூலோ அப்படி அடுக்கப்பட்டதல்ல. ஆனால் ஒவ்வொரு புரதத்திலிருந்தும் நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு கை உள்நோக்கி நீள்கிறது. எதிர்மின்னேற்றமுள்ள நூலைப் பற்றுவது அதுவே. பிற்பாடு அந்தக் கையை வெட்டிப் பார்த்தபோது, 60 புரதங்கள் மட்டும் கூடிய சிறிய கூடே உருவானது. கண்ணுக்குத் தெரியாததைக் கையின் வேலையால் அறிந்தனர்.

கொரோனாவுக்குப் பளிங்கு முறை பொருந்தாது. அதன் துகள்கள் ஒன்றைப்போல் ஒன்றிருப்பதில்லை. அவற்றைக் கணப்பொழுதில் உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பல கோணங்களில் படம்பிடித்தனர். 2020இலேயே சீனாவிலும் ஜேர்மனியிலும் அப்படங்கள் வெளியாகின. ஏறக்குறைய 30,000 எழுத்து நீளமான நூலில் புரத மணிகள் கோத்தாற்போல் இருந்தன. தஸ்பீஹ் என்றால் நம்மவருக்கு உடனே விளங்கும்.

இத்தனை படங்களிலும் காணப்பட்டது நூலும் மணியும் உறையுமே. தானாகப் பெருகும் பொறி எதுவும் அங்கில்லை. அதற்கு உயிருள்ள கலம் வேண்டும். மையத்தில் அது பெருகுவதற்கு வழியில்லை. எனினும் படம் மட்டும் தீர்ப்பாகாது. நோய் எவ்வழியில் பரவுகிறது என்ற சான்றும் தேவை. அதுவும் இருந்தது. அடக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே கூறிவிட்டது. 2003இல் சார்ஸ் கொரோனா வைரசைக் கண்டறிந்தோரில் ஒருவரும் கண்டியில் பிறந்தவருமான பேராசிரியர் மலிக் பீரிஸ், இது நீரால் பரவும் நோயல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார்.

2021 பிப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. மார்ச் 5ஆந் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. பின்னர் 3,600க்கும் மேற்பட்டோர், பிற சமயத்தவரும் உட்பட, அங்கே துயில் கொண்டனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அது எதைத் திருப்பித் தரும்?

நம்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்நாட்களில் கவிதைகள் எழுதினோம், கண்ணீர் வடித்தோம். அவை தேவையே. ஆனால் மண்டூர் அண்ணன் கேட்ட எளிய கேள்விக்கு, அவர் வாசிக்கக்கூடிய தமிழில், ஒரு பக்கம் எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் எழுதவில்லை. அகத்தி இலையின் நோயிலிருந்து தொடங்கியிருக்கலாம். அவர் வேலியிலும் அகத்தி நிற்கிறது.