பட்டியல் எங்கே? – ரொறன்ரோவிலிருந்து எழுந்த கேள்வி

ஈழப்போரின் இறுதிக் கட்டத்திலும் அதற்கு முன்பும் தடயமின்றி மறைந்தவர்களைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிவந்த ‘காணாமல் போனோர்’ என்ற சொல்லை, அவர்களைப் பெற்ற தாய்மார் விடாப்பிடியாக மறுத்து வருகின்றனர். போதல் என்பது போனவருடைய வினை. திருவிழாக் கூட்டத்தில் கைநழுவிய குழந்தையையும் அச்சொல்லால் குறிக்கலாம். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்னும்போதுதான் ஆக்கியவர் ஒருவர் உண்டு என்பதும், அவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்து நிற்கின்றன. ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற நீண்ட வடிவம் இன்று தமிழ் நாளேடுகளிலும் மனித உரிமை ஆவணங்களிலும் நிலைபெற்றிருப்பதற்கு, தெருவோரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்த அந்தப் பெண்களின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

காணாமல் ஆக்கப்பட்டோருக்குள்ளும் தனித்து நோக்க வேண்டிய ஒரு பிரிவினர் உள்ளனர். வெள்ளை வான் ஊர்தியில் கடத்தப்பட்டவரை யார் கொண்டுசென்றார் என்று நிறுவுவது கடினம். ஆனால் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தபோது, பகல் வெளிச்சத்தில், உறவினர் கண்முன்னே படையினரிடம் சரணடைந்தவர்களைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. புலிகள் இயக்கத்தில் ஒருநாள் இருந்தவராயினும் பெயரைப் பதிந்துகொள்ளுமாறும், விசாரணைக்குப் பின் விடுவிக்கப்படுவர் என்றும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டதை நம்பி, மனைவியர் கணவரையும் பெற்றோர் பிள்ளைகளையும் தம் கையாலேயே ஒப்படைத்தனர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரோடு சென்று சரணடைந்த ஒரு குழுவினர் பேருந்துகளில் ஏற்றப்பட்டதைப் பலர் கண்டுள்ளனர். அடிகளாரும் திரும்பவில்லை, அவரோடு சென்றவர்களும் திரும்பவில்லை. குழந்தைகளோடு சரணடைந்த குடும்பங்களும் அவர்களுள் அடங்கும்.

போர்ச் சட்டம் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை இங்கு விளக்குவது தேவை. 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, பிடிபட்ட ஒவ்வொரு போர்க்கைதியின் பெயரையும் பதிந்து, அதற்கென அமைக்கப்படும் தகவல் பணியகம் வழியாக அவருடைய நாட்டுக்கும் குடும்பத்துக்கும் அறிவிக்க வேண்டும் என விதிக்கிறது. இந்த ஏற்பாட்டின் வேர் முதலாம் உலகப் போரில் உள்ளது. அப்போது செஞ்சிலுவைச் சங்கம் ஜெனீவாவில் நிறுவிய கைதிகள் முகவகம் சுமார் 70 லட்சம் அட்டைகளில் பெயர்களை எழுதிவைத்துத் தேடியது. நாடுகளுக்கிடையிலான போருக்கே ‘போர்க்கைதி’ என்ற தகுதி உரியது என்பதால், உள்நாட்டுப் போரில் சரணடைந்தவருக்கு அது கிட்டுவதில்லை. ஆயினும் ஆயுதத்தைக் கீழே வைத்தவரை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்பதை நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3-ஆம் உறுப்பு உள்நாட்டுப் போருக்கும் விதித்துள்ளது. எழுதப்பட்ட உடன்படிக்கைக்கு வெளியே நாடுகளின் நெடுநாள் நடைமுறையால் உருவான விதிகளுக்கு வழக்காற்றுச் சட்டம் என்று பெயர். செஞ்சிலுவைச் சங்கம் 2005-இல் தொகுத்து வெளியிட்ட அவ்விதிகளில் 123-ஆம் விதி தடுத்துவைக்கப்பட்டோரின் விவரங்களைப் பதிய வேண்டும் என்றும், 117-ஆம் விதி காணாமற்போனோரின் கதி குறித்துக் கையிலுள்ள தகவலைக் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்றும் கூறுகின்றன. ஆகவே தாய்மார் கேட்பது சலுகை அன்று. எழுதிவைத்திருக்க வேண்டிய ஒரு பெயர்ப் பட்டியலைத்தான் கேட்கின்றனர்.

இந்தக் கேள்வி ரொறன்ரோவில் வலுவாக ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. 1983-க்குப் பின் அலையலையாக வந்த ஈழத்தமிழர் ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் ஆகிய இடங்களில் செறிந்து குடியேறியதால், வன்னியில் நிகழ்ந்த ஒவ்வொரு இழப்புக்கும் இந்நகரில் ஓர் உறவினர் இருந்தார். 2009 ஜனவரி 30 அன்று நகரின் மையத் தெருக்களில் கடுங்குளிரில் பல்லாயிரவர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றனர். ஏப்ரலில் யுனிவர்சிட்டி அவெனியூவிலுள்ள அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் முன் இரவுபகலாக அமர்ந்தனர். மே 10 மாலையில் ஆயிரக்கணக்கானோர் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி அமர்ந்து, ஏறத்தாழ நள்ளிரவு வரை போக்குவரத்தை நிறுத்தினர். அப்போது எதிர்க்கட்சியாயிருந்த லிபரல் கட்சி இவ்விடயத்தை நாடாளுமன்றத்தில் எழுப்பும் என்ற உறுதி கிடைத்த பின்னரே அவர்கள் இறங்கினர். அன்று கனடாவில் அன்னையர் நாள். நகரத்துச் செய்தித்தாள்கள் மறுநாள் பெரிதும் பேசியது அடைபட்ட சாலையைப் பற்றியும், குழந்தைகளை அங்கு அழைத்துவந்தது சரியா என்பதைப் பற்றியும்தான். எட்டு நாட்களில் போர் முடிந்தது.

அதுவரை ‘போரை நிறுத்து’ என்றிருந்த முழக்கத்துக்கு மே 18-க்குப் பின் பொருள் இல்லாமற்போயிற்று. அவ்விடத்தில் ‘ஒப்படைக்கப்பட்டவர்கள் எங்கே’ என்ற கேள்வி வந்து அமர்வதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தாமதத்தை விளங்கிக்கொள்ளாமல் இவ்வரலாற்றை எழுத முடியாது. கனடா 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. பொதுமக்கள் இறந்ததைப் பற்றிப் பேசுவோருக்கு இரக்கம் கிட்டியது. சரணடைந்த போராளியைப் பற்றிக் கேட்போரோ, கேட்ட கணமே தாமும் ஐயத்துக்குரியவராயினர். ஊரில் எஞ்சியிருந்த உறவினருக்குத் தீங்கு வருமோ என்ற அச்சம் வேறு. இதனால் தம் வீட்டில் ஒருவர் சரணடைந்தார் என்பதை அண்டை வீட்டாரிடம்கூடச் சொல்லாத குடும்பங்கள் இருந்தன. கைதியின் உரிமை அவர் எந்தக் கொடியின் கீழ் போரிட்டார் என்பதைப் பொறுத்தது அன்று என்னும் எளிய நெறியைக் கனடிய அரசியலாளருக்கு எடுத்துரைப்பதே முதற்கட்டப் பணியாயிற்று.

கனடியருக்கு இது புரியாத துயரும் அன்று. 1941 டிசம்பரில் ஹாங்காங் வீழ்ந்தபோது அங்கு அனுப்பப்பட்டிருந்த கனடியப் படையினர் 1,975 பேர். அவர்களுள் உயிரோடு எஞ்சியோர் ஜப்பானியரின் கைதிகளாயினர். மகன் இறந்தானா, சிறையில் உள்ளானா என்று அறியப் பெற்றோர் மாதக்கணக்கில் ஒரு பெயர்ப் பட்டியலுக்காகக் காத்திருந்தனர். கைதிகள் பற்றிய 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டும் ஏற்புறுதி செய்யாதிருந்தது அக்காத்திருப்பை மேலும் நீட்டியது.

பட்டியலின் கதைக்குத் திரும்ப வேண்டும். 11,000-க்கு மேற்பட்ட முன்னாள் போராளிகளைப் புனர்வாழ்வு முகாம்களில் வைத்து விடுவித்ததாக இலங்கை அரசு கூறிவந்தது. அவ்வளவு பேரை எண்ணத் தெரிந்த நிர்வாகம் எஞ்சியோரை எண்ணாமல் விட்டிருக்குமா என்பதே குடும்பங்களின் வினா. அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 2011-ஆம் ஆண்டு அறிக்கையும் சரணடைந்த பின் மறைந்தோரைப் பற்றி விசாரிக்கப் பரிந்துரைத்தது. 2013-இல் சரணடைந்தோரின் உறவினரான அனந்தி சசிதரன் உள்ளிட்டோர் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது தடுத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் மனு, தாக்கல் செய்தனர். அம்மனு தொடர்பாக முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில், சரணடைந்தோர் பட்டியல் தம்மிடம் உள்ளது என்று இராணுவத்தின் 58-ஆவது படைப்பிரிவின் தரப்பு ஒருமுறை சாட்சியமளித்தது. பிறகு நீதிமன்றத்துக்கு வந்ததோ புனர்வாழ்வு பெற்றோரின் பட்டியல். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பின்னர் எழுப்பப்பட்ட கேள்விக்கு, அவர்கள் இராணுவத்திடம் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தனர் என்று இராணுவம் விடையளித்தது.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவிலின் முன் தாய்மார் தொடங்கிய அமர்வு, சில நாட்களில் வவுனியாவுக்கும் அடுத்து முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை ஆகிய இடங்களுக்கும் பரவியது. அவ்வாண்டு ஜூனில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவர்களைச் சந்தித்துப் பட்டியலை வெளியிடுவதாக வாக்களித்தார், வெளியிடவில்லை. இந்த அமர்வுதான் ரொறன்ரோவின் செயற்பாட்டுக்குப் புது உருவம் தந்தது எனல் வேண்டும். அதற்கு முன் புலம்பெயர் அமைப்புகள் தாயகத்தின் சார்பில் பேசின. அதன்பின் பேச வேண்டியவர்கள் தெருவில் தாமே அமர்ந்திருந்தனர். ஆகஸ்ட் 30-ஆம் நாள், அதாவது ஐக்கிய நாடுகள் அவை 2011 முதல் கடைப்பிடிக்கும் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் நாள், ரொறன்ரோவிலும் படங்களை ஏந்தி நிற்கும் நாளாயிற்று. 2020-இல் பன்னாட்டு நீதி கோரிச் சிலர் பிராம்ப்டனிலிருந்து ஒட்டாவா வரை நடந்தே சென்றனர்.

கூட்டங்களைவிடக் கண்ணுக்குத் தெரியாத பணி ஒன்று உண்டு. ஐ.நா.வின் வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய செயற்குழு 1980-இல் அமைக்கப்பட்டது. பெயர், பிடிபட்ட நாள், இடம், கடைசியாகக் கண்டவர், பிடித்த படை, இதுவரை முறையிட்ட இடங்கள் ஆகியவற்றை நிரப்பி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முறையீடு செய்தால், அக்குழு அரசிடம் விளக்கம் கேட்கும். அக்குழுவின் ஏட்டில் தீராத முறையீடுகளின் எண்ணிக்கையில் இராக்குக்கு அடுத்த இடத்தில், 6,000-க்கு மேற்பட்டவற்றோடு, இலங்கை நிற்கிறது. நேரில் கண்ட சாட்சிகள் பலர் நாட்டை விட்டு வெளியேறிவிட்டமையால், புலம்பெயர் நகரங்களில் ஒரு வாக்குமூலத்தைப் பொறுமையாகக் கேட்டு எழுதுவது நூறு பதாகைகளுக்கு நிகரான பணியாகும்.

இவ்வியக்கத்துக்குள் பிணக்குகளும் எழுந்தன. 2023 டிசம்பரில் உலகத் தமிழர் பேரவையும் பௌத்த துறவிகள் சிலரும் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவிடம் அளித்த ‘இமாலயப் பிரகடனம்’ என்னும் நல்லிணக்க ஆவணத்தில் கனடியத் தமிழர் பேரவையும் பங்கு கொண்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் அதனை நிராகரித்தனர், ரொறன்ரோவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பேச்சுவார்த்தையே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இழந்தவரைக் கேட்காமல் அவருடைய இழப்பைப் பற்றி உடன்படும் உரிமை எந்த அமைப்புக்கும் இல்லை என்பதில் தாய்மாரின் நிலைப்பாடே நேரியது. அதே நேர்மை மற்றொன்றையும் சொல்லக் கடமைப்படுத்துகிறது: புலிகளிடம் பிடிபட்டுத் திரும்பாத படைவீரர்களின் பெற்றோரும், புலிகளால் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின், முஸ்லிம்களின் குடும்பங்களும் அதே விடைக்காகவே காத்திருக்கின்றனர். இலங்கைப் படையினருள் மட்டும் 5,000-க்கு மேற்பட்டோர் காணாமற்போனோராகப் பதிவாகியுள்ளனர்.

கனடிய அரசின் செவியை இவ்வுழைப்பு ஓரளவு எட்டியது. 2013-இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டைப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் புறக்கணித்தார். 2022 மே 18 அன்று நாடாளுமன்றம் அந்நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஒருமனதாக ஏற்றது. காணாமல் ஆக்கப்பட்டோரைப் பொறுத்தவரை இவற்றினும் முக்கியமானது 2023 ஜனவரியில் வந்த தடை ஆணை. அதில் முன்னாள் சனாதிபதிகளான கோட்டாபய, மகிந்த ஆகிய இரு ராஜபக்சர்களோடு பெயர் குறிக்கப்பட்ட கடற்படை அதிகாரி, 2008–09 காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டு மறைந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர். இங்கே ஒரு முரணையும் நினைவுகூர வேண்டும். 1990 செப்டம்பரில், தென்னிலங்கையில் மறைந்த சிங்கள இளைஞர்களின் விவரங்களை ஜெனீவாவுக்கு எடுத்துச்சென்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஆவணங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அவர் மகிந்த ராஜபக்ச. தாய்மாரின் கண்ணீரை நன்கறிந்திருந்த ஒருவருடைய ஆட்சியிலேயே வட்டுவாகல் நிகழ்ந்தது என்பது இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம்.

கனடாவிடமும் கேட்க வேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து அனைவரையும் பாதுகாப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையை இலங்கை 2016-இல் ஏற்புறுதி செய்தது. கனடா இணையாமலேயே காலம் கடத்தியது. ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானங்களை முன்னின்று கொண்டுவரும் நாடுகளுள் ஒன்றாகிய கனடா அதில் இணையக் கோருவது, ரொறன்ரோத் தமிழர் குடிமக்கள் என்ற முறையிலேயே எழுப்பக்கூடிய கோரிக்கையாகும்.

இதற்கிடையே நிலமும் பேசத் தொடங்கியுள்ளது. 2023-இல் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 52 பேரின் எச்சங்கள் வெளிப்பட்டன; 2025-இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் சிறுவருடையவை உட்பட 200-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. ஓர் எலும்புக்குப் பெயர் திரும்பக் கிடைக்க, இறந்தவரின் தாய், தந்தை, உடன்பிறந்தார், பிள்ளை ஆகியோருள் ஒருவருடைய மரபணு மாதிரி பெரும்பாலும் வேண்டும். தாயகத்தில் காத்திருந்த பெற்றோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடை அறியாமலேயே இறந்துவிட்டனர்; எஞ்சிய நெருங்கிய உறவினர் பலர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழ்கின்றனர். அம்மாதிரிகளை எங்கே ஒப்படைப்பது, இலங்கை அரசின் ஆய்வகத்திலா, பன்னாட்டு மேற்பார்வையில் காக்கப்படும் ஒரு களஞ்சியத்திலா என்பதே குடும்பங்களின் முன்னுள்ள அடுத்த வினா.

(தொடரும்)