அக்காவின் கத்தரிக்கோல்: சுருட்டை முடியும் சாதியும்



நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைமுடியா பொருள் என்று சிலருக்குத் தோன்றலாம். நிலம், கூலி, கல்வி, கோயில் நுழைவு என்று நாம் பேசிப் பழகிய வரிசையில் முடிக்கு இடம் இருந்ததில்லை. ஆனால் ஒடுக்கியவர்கள் அதை மறக்கவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் கள்ளர் சமூகத்தார் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்களுக்கு ரவிக்கையும் தாவணியும் கூடாது, பூ கூடாது. குடை, செருப்பு கூடாது. இவற்றுக்கு நடுவே ஒன்று: ஆதிதிராவிடர் எவரும் தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மறு ஆண்டே தடைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

ஒருவன் தலையில் முடி எவ்வளவு நீளம் இருந்தால் ஊருக்கு என்ன? கிராப்பு என்பது பட்டாளத்தின், பள்ளிக்கூடத்தின், நகரத்தின் அடையாளம். கிராப்பு வைத்தவன் நாளைக்குக் கூலியை எண்ணி வாங்குவான் என்ற அச்சம்தான் அந்தத் தடைக்குள் இருந்தது என்று நாம் வாசிக்கிறோம்.

தடை போடாத இடங்களிலும் கத்தரிக்கோல் கிடைத்துவிடவில்லை. அண்ணல் அம்பேத்கர் தம் இளமையை நினைவுகூரும்போது சாத்தாராவைப் பற்றிச் சொல்கிறார். அங்கே முடிதிருத்துவோர் இருந்தார்கள். தீண்டப்படாதாருக்கு வெட்ட ஒருவரும் முன்வரவில்லை. அவருக்கும் வீட்டுப் பையன்களுக்கும் முடி வெட்டியவர் அவருடைய அக்கா. வெட்டி வெட்டியே கைதேர்ந்தவராகிவிட்டார் அவர். பிற்காலத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் கடைகளுக்குள் செல்லும் உரிமை சேர்ந்தது. ‘கடை’ என்றால் என்ன என்ற கேள்வி 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்தபோது, வருகிற எவருக்கும் சேவை தர உரிமையாளர் தயாராக இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்று அம்பேத்கர் விரித்துப் பொருள் சொன்னார். அக்கா கையால் முடி வெட்டிக்கொண்ட பையன் சொன்ன விளக்கம் அது. அப்படித்தான் அதை நாம் படிக்க வேண்டும்.

சரி, சுருட்டை முடிக்கு வருவோம். முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம்: சுருட்டை எந்தச் சாதியின் சொத்தும் அல்ல, எந்தச் சாதியின் முத்திரையும் அல்ல. அக்கிரகாரத்திலும் உண்டு, சேரியிலும் உண்டு. அதை இனத்தின் அடையாளமாக்கியது காலனிய மானிடவியல். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்தார், முடியின் சுருளையும் குறித்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில், பணியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்ற தோட்ட முதலாளிகளின் பேச்சோடு அவர்களுடைய சுருட்டை முடியும் இடம்பெற்றது. தென்னாப்பிரிக்காவில் இதே எண்ணம் கொடூரமாக வளர்ந்தது. நிறவெறி ஆட்சியில் முடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து ஆளின் இனத்தை முடிவு செய்தார்கள். நம் ஊரில் பென்சில் தேவைப்படவில்லை. ‘பரட்டை’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

இத்தனைக்கும் சோழநாட்டில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட புத்தர் சிலைகளைப் பாருங்கள். தலை முழுக்கச் சுருள் சுருளாக முடி, உச்சியில் தீச்சுடர். பண்டிதர் அயோத்திதாசர் நம் முன்னோரைப் பௌத்தர் என்று சொன்னதை விவாதிக்கிற மாணவர்கள், அந்தத் தலையையும் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

சுருட்டை முடியை வெட்டுவது தனி வேலை. நேர் முடியைப் போல ஈரமாக இழுத்துப் பிடித்து வெட்டினால், காய்ந்ததும் சுருண்டு மேலேறி நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும். காய்ந்த நிலையில், ஒவ்வொரு சுருளும் எங்கே விழுகிறது என்று பார்த்து, கொஞ்சம் நீளம் விட்டு வெட்ட வேண்டும். தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை வளைவுகளில் இறங்கி நுனிக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் நுனி வறண்டு உடைகிறது. காய்ந்த முடியில் பேன் சீப்பைப் போட்டு இழுப்பது கொடுமை. எண்ணெய் தடவி, அல்லது செம்பருத்தி இலையோ ஊறவைத்த வெந்தயமோ அரைத்த வழுவழுப்பில், விரலாலும் அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். துண்டால் தேய்க்காமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடைக்காரர் தொட மறுத்த தலைகளில் இந்த அறிவெல்லாம் பெண்களின் கைக்குப் போனது. அம்மா, அக்கா, அத்தை. இதற்கு எந்தத் தொழிற்பெயரும் தரப்படவில்லை.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் இரவு லாரிகள் வந்ததிலிருந்து மூட்டை சுமப்பவர்களைப் பாருங்கள். சும்மாட்டின் உராய்வில் உச்சி முடி நைந்துபோகிறது. சுருட்டையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். சிகைக்காயும் அரப்பும் வெந்தயமும் மூட்டையாக வந்திறங்கும் ஊரில், அதைச் சுமக்கிற தலைக்கு மொட்டைதான் மலிவான வைத்தியம்.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் சேவை மறுப்பைக் குற்றமாக்கியது. ஆனாலும் 2024இல் தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் தலித் இளைஞருக்கு முடி வெட்ட மறுத்ததாக வழக்குப் பதிவானது. இங்கே முடிதிருத்தும் தொழிலாளியை மட்டும் வில்லனாக்குவது நமக்கு உடன்பாடில்லை. அவரும் சாதிப் படிக்கட்டில் மிதிபடுகிறவர். கர்நாடகத்தில் நஞ்சன்கூடு வட்டத்து ஹல்லரே கிராமத்தில் தலித்துகளுக்கு முடி வெட்டிய ஒருவருக்கு 50,000 ரூபாய் அபராதமும் ஊர்விலக்கும் விதிக்கப்பட்டதாக 2020இல் செய்தி வந்தது. மறுத்தால் சட்டம், வெட்டினால் ஊர்.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் யார் முடி வெட்டினார்கள், எங்கே உட்காரவைத்து, எந்தக் கத்தரியால், வெட்டியதற்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வெட்டிய பெண்கள் உயிரோடு இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். ஒலிப்பதிவோடு எழுத்திலும் வேண்டும், ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும்.