நாய்களில் திராட்சை நச்சுமை

நாய்களில் திராட்சை நச்சுமை என்பது திராட்சைப் பழத்தையோ உலர்திராட்சையையோ உண்ட நாய்களின் சிறுநீரகம் பழுதடையும் நிலையைக் குறிக்கும். மனிதருக்குத் தீங்கு செய்யாத இப்பழம் நாயின் உயிரைப் பறிக்கக்கூடியது. பாயசம், கேசரி, கேக் முதலியவற்றில் இடப்படும் உலர்திராட்சையும் பாதுகாப்பானதாகக் கொள்ளப்படுவதில்லை.

காரணம்

அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2001 இல் மருத்துவ இதழொன்றில் எழுதிய பின்னரே இந்நச்சுமை பரவலாக அறியப்பட்டது. தொடக்கத்தில் பூச்சிக்கொல்லி, பூஞ்சை நஞ்சு ஆகியவை ஐயுறப்பட்டன. ஆனால் மருந்து தெளிக்காத வீட்டுத் தோட்டத் திராட்சையை உண்ட நாய்களும் பாதிக்கப்பட்டன. கிரீம் ஆஃப் டார்ட்டர் கலந்து வீட்டில் செய்யப்பட்ட விளையாட்டு மாவை உண்ட நாய் ஒன்றுக்கும் இதே பாதிப்பு ஏற்பட்டதாக 2021 இல் தெரிவிக்கப்பட்டது. இதிலிருந்து, திராட்சையிலுள்ள தார்த்தாரிக் அமிலமே நஞ்சு என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. இவ்வமிலம் மிகுந்துள்ள புளியை உண்ட நாய்களிலும் சிறுநீரகப் பாதிப்பு காணப்பட்டதை 2022 இல் வெளியான கட்டுரை பதிவு செய்தது. புளி நாள்தோறும் புழங்கும் தமிழர் சமையலறைகளில் இது கருத்திற்கொள்ளத்தக்கது.

அமிலத்தின் அளவு பழத்தின் வகைக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப வேறுபடும். ஆதலால் பாதுகாப்பான அளவு என ஒன்றை வரையறுக்க இயலவில்லை. 2005 இல் வெளியான ஆய்வொன்றில், நாயின் எடையில் கிலோவுக்கு 2.8 கிராம் உலர்திராட்சையே பாதிப்பை ஏற்படுத்தியிருந்தது. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு இது 28 கிராம், அதாவது ஒரு கைப்பிடி மட்டுமே. அவ்வாய்வில் இடம்பெற்ற, சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 43 நாய்களில் 23 பிழைத்தன.

அறிகுறிகள்

பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வாந்தி தோன்றும். சோர்வு, உணவில் விருப்பமின்மை, வயிற்றுவலி ஆகியன தொடரலாம். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கும். சிறுநீர் குறைந்து, பின் நின்றுபோதல் கடுமையான நிலையாகும்.

செய்யவேண்டியவை

அறிகுறிகள் தோன்றும்வரை காத்திருத்தல் கூடாது. நாய் நலமாகத் தோன்றினாலும் உடனே கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். உண்ட பொருள், தோராயமான அளவு, உண்ட நேரம், நாயின் எடை ஆகியவற்றை அவரிடம் தெரிவிப்பது சிகிச்சையை விரைவுபடுத்தும்.

உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யும் வழக்கம் ஆபத்தானது. இரத்தத்தில் சோடியம் மிகுந்து அதுவே உயிருக்கு ஊறாகலாம். தள்ளாடும் அல்லது மயங்கிய நாயை வாந்தியெடுக்கச் செய்தால் உணவு நுரையீரலுக்குள் செல்லக்கூடும். பால், மோர் ஆகியவை இந்நஞ்சை முறிப்பதில்லை.

மருத்துவர் அப்போமார்பின் போன்ற மருந்தால் வாந்தியை வரவழைப்பார். திராட்சை இரைப்பையில் நெடுநேரம் தங்குவதால் சில மணி நேரம் கழிந்த பின்னும் இது பயன்தரலாம். பின்னர் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றப்பட்டு, இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு சில நாட்களுக்குத் தொடர்ந்து கண்காணிக்கப்படும். இதற்கெனத் தனி மாற்றுமருந்து இல்லை. சிறுநீரகம் பாதிக்கப்படுமுன் சிகிச்சை பெற்ற நாய்கள் பெரும்பாலும் நலமடைகின்றன. சிறுநீர் முற்றிலும் நின்றுவிட்டால் இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படும். அந்நிலையில் பிழைக்கும் வாய்ப்பு குறைவு.